கலங்கி வந்த கசிவு

ஆரியங்கோட்டில் தம்பி வீட்டுக்குப் பின்னால், குளத்து மண்கரையின் அடியில் நீர் கசிவதைப் பார்த்து நின்றேன். நனைந்த செம்மண் வாசனை எழுந்தது. என் எட்டு வயதில் அம்மா, அப்பாவுடன் இதே வீட்டில்தான் இருந்தோம்.

மழைக்காலக் காலைகளில் அம்மா அந்தக் கசிவைக் கண்ணாடி டம்ளரில் பிடித்து வெளிச்சத்தில் பார்ப்பாள். தெளிவாக இருந்தால்தான் அடுப்பு மூட்டுவாள். ஒருநாள் அது சிவப்பாகக் கலங்கியிருந்தது.

“மக்கா, கரைக்குள்ள மண்ணு அரிச்சுப் போவுதாக்கும், கரை ஒடைஞ்சிரும். தம்பிய எடுத்துட்டு மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடு” என்றாள்.

அப்பாவும் பக்கத்து வீட்டுக்காரர்களும் கசிந்த இடத்தில் மணலும் சல்லியும் கொட்டி, மேலே மூட்டைகளை அடுக்கினார்கள். சாயங்காலம் தண்ணீர் தெளிந்து வந்தது. அம்மா சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“இந்த மழைக்கு நிக்கும். அடுத்ததுக்கு யாரு வருவா?”

இன்றும் கலங்கல்தான். அன்று மணல் சுமந்தவர்கள் யாரும் இப்போது இல்லை.

“ஆபீஸ்ல ரெண்டு மட்டம் மனு குடுத்தாச்சு அக்கா. வந்து பாக்கோம்னு சொன்னாவ” என்றான் தம்பி.

“எலே, பிள்ளையளக் கூட்டிட்டு என் வீட்டுக்கு வா.”

எதற்கும் என்னோடு மல்லுக்கு நிற்கிறவன், உடனே பிள்ளைகளின் புத்தகங்களை எடுக்க உள்ளே போனான்.