எல்லாம் வலப்பக்கம்

ஸ்டூடியோவில் அவளைக் ‘கத்திரி’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஆறு மணி நேரக் கல்யாண வீடியோவில் மாப்பிள்ளை கொட்டாவி விட்டது, சம்பந்தி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது எல்லாவற்றையும் ஈவு இரக்கமில்லாமல் நறுக்கிவிட்டு, நாற்பது நிமிடத்தில் பார்ப்பவர் கண்ணைக் கலங்க வைத்துவிடுவாள். பதினெட்டு வருடமாக அதே நாற்காலி.

மூளையில் ரத்தம் உறைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தவள், மூன்று மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினாள். கை கால் நன்றாகத்தான் இருந்தன. இரண்டு கண்ணிலும் இடப்பக்கப் பார்வை மட்டும் போயிருந்தது. இருட்டாகத் தெரிந்தால்கூடத் தேவலை. அந்தப் பக்கம் ஒன்று இருப்பதாகவே தோன்றவில்லை. வேலை போய்விடுமோ என்ற பயத்தில் அவளும் கணவனும் வெளியே மூச்சு விடவில்லை.

முதல் நாளே வம்பு.

“கிளிப்பெல்லாம் எங்க? யாரு அழிச்சது?” என்றாள்.

திரையின் இடது மூலையில், எப்போதும் இருக்கும் இடத்தில், அந்தக் காட்சித் துண்டுகள் சமர்த்தாக இருந்தன. ஒலி வேலை பார்க்கும் பக்கத்து மேசைக்காரர் விரலால் காட்டினார். அவள் தலையைத் திருப்பிப் பார்த்து அசடு வழிந்தாள். அந்த வாரம் இதே கதை ஐந்தாறு முறை நடந்தது. அரை நாள் வேலை இரண்டு நாளாக இழுத்தது.

ஒரு மதியம், அவள் சாப்பிட்டு முடித்து டப்பாவை மூடப்போனாள். ஒலிக்காரர் எட்டி அதை அரைவட்டம் திருப்பி வைத்தார். தொடாத சோறு பாதி டப்பா இருந்தது.

அவள் மூடியைக் கீழே வைத்தாள். “எப்ப கண்டுபிடிச்சீங்க, அண்ணே?”

“கிளிப்ப தேடினப்பவே சந்தேகம். முதல்ல சாப்பிடு.”

“முதலாளிகிட்ட சொல்லிடாதீங்க.”

“நான் ஏம்மா சொல்லப்போறேன்? சொல்றதா இருந்தா நீ சொல்லு.”

சாயங்காலம் கணவனிடம் அதைச் சொல்லி அழுதாள். அவன் பஸ் டிரைவர். அவள் சொல்லி முடித்ததும் கேட்டான்.

“பஸ்ல எனக்கும்தான் ஒரு பக்கம் தெரியாது. கண்ணாடிய எனக்குத் தோதா திருப்பி வெச்சுக்கறேன். உன் மெஷின்ல திருப்பி வெக்க ஒண்ணுமே இல்லையா?”

இருந்தது. அவள்தான் இத்தனை வருடம் அந்தப் பக்கம் போனதில்லை. வாங்கின அன்று திரை எப்படி இருந்ததோ அப்படியே வேலை செய்து பழகியவள்.

மறுநாள் ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து உட்கார்ந்தாள். கிளிப் பெட்டியைப் பிடித்து வலப்பக்கம் இழுத்தாள். அது போய் ஒட்டிக்கொண்டதும் படம் ஓடும் சதுரம் தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கியது. அதைப் பெரிதாக்கப்போக, ஒலி அளவு காட்டும் பட்டை காணாமல் போனது. பழைய அமைப்புக்கே திருப்பிவிட்டு மறுபடி தொடங்கினாள். மூன்றாவது தடவை சரியாக வந்தது. படம் மேலே, அதன்கீழே கிளிப்புகள், அடியில் துண்டு துண்டாக ஒட்டும் வரிசை, எல்லாம் திரையின் வலது பாதிக்குள் அடக்கம். அந்த அமைப்பைப் புது ‘வொர்க்ஸ்பேஸ்’ என்று தனியாகச் சேமித்தாள். மாலையில் அதே மெஷினில் உட்காருகிறவர் தன் பழைய அமைப்பைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

முதலாளி வந்து எட்டிப் பார்த்தார்.

“என்னம்மா, பாதித் திரைய சும்மா விட்டு வெச்சிருக்க?”

ஒலிக்காரர் தன் மேசையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவளே சொன்னாள், ஒன்று விடாமல். முதலாளி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இருபது நிமிடம் அவள் வெட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, திரையையே அவளுக்கு வலப்பக்கமாக ஒரு முழம் நகர்த்தி வைத்தார்.

“இப்ப கழுத்து வலிக்காது பாரு” என்றார்.

இப்போது அவள் ஒவ்வொரு காட்சியையும் நிறுத்தி, வலது ஓரத்திலிருந்து இடது ஓரம்வரை தலையைத் திருப்பி மெதுவாகத் தேடிப் பார்க்கிறாள். முன்பைவிட நேரம் ஆகிறது. ஆனால் படத்தின் ஓரங்களில் யார் யாரோ நின்றுகொண்டிருப்பது இப்போதுதான் அவள் கண்ணில் படுகிறது. போன வாரம் அப்படி ஒரு மணப்பெண்ணின் சித்தப்பா அகப்பட்டார்; தூணோரம் நின்று, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த நான்கு நொடியை அவள் வெட்டவில்லை.