மேட்ரன் கற்ற கராத்தே

நாற்பதை நெருங்கும் வயதில் நான் கராத்தே படிக்கப் போனேன். அறுபதுகளின் கடைசி அது. கொடைக்கானலில் ஒரு பள்ளி விடுதியில் மேட்ரனாக இருந்தேன். வெள்ளனே பிள்ளைகளை எழுப்பி, துணிகளை வெளுக்கப் போட்டு, காய்ச்சல்காரர்களுக்குக் கஞ்சி கொடுத்து, நடுவில் வீட்டுக்கு ஓடி என் கணவரைப் புரட்டிப் படுக்க வைத்துவிட்டு மறுபடி விடுதிக்கு ஓடுவேன். அவர் மலைப்பாதையில் பஸ் ஓட்டியவர். ஒரு விபத்துக்குப் பிறகு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை.

அவரைத் தூக்கித் தூக்கி என் முதுகு பிடித்துக்கொண்டது. ஜப்பானில் வளர்ந்த வெள்ளைக்கார டீச்சர் ஒருவர் நான் நடப்பதைப் பார்த்துவிட்டு, "சாயங்காலம் ஹாலுக்கு வாங்க, முதுகு சரியாகும்" என்றார். பிள்ளைகள் மைதானத்தில் இருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் சில டீச்சர்களுக்குக் கராத்தே சொல்லிக்கொடுத்தார். எனக்கும் ஒரு தொளதொள கால்சட்டை கிடைத்தது.

தடுப்பது, குத்துவது, திரும்புவது எல்லாம் மாறாத ஒரே வரிசையில் வர வேண்டும். அதற்குக் காட்டா என்று பெயர். மற்றவர்களுக்குச் சீக்கிரம் வந்தது. எனக்குப் பாதியில் விடுதி மணி அடித்துவிடும். கற்ற பாதியும் மறந்துபோகும்.

வீட்டில் கட்டிலுக்கு முன்னால் செய்து பார்ப்பேன். கணவர் முதலில் சிரித்தார். பிறகு கவனித்தார். சில நாட்களில் என்னைவிட அவருக்கு வரிசை நன்றாகத் தெரிந்துவிட்டது.

"அங்க திரும்பாத. நேத்து இன்னொரு எட்டு வச்சிட்டுத்தான் திரும்புன."

"அப்படியாங்க?"

"வெரசாப் போகாத. காலை ஊனிக்கிட்டு அப்புறம் உடம்பத் திருப்பு. வளைவுல வண்டி ஒடிக்கிற மாதிரிதான்."

விபத்துக்குப் பிறகு வண்டியைப் பற்றி அவர் பேசியது அன்றைக்குத்தான்.

அந்த மழைக்காலத்தில் விடுதியில் தட்டம்மை பரவியது. பிள்ளைகளை விட்டு நகர முடியவில்லை. பக்கத்து வீட்டம்மாதான் அவரைப் பார்த்துக்கொண்டார். நான் வீடு திரும்பியபோது அவருக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சு இரைத்தது. ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

"காட்டால மிச்சத்தச் சொல்லிக் குடுத்தாங்களா?" என்று அங்கே படுத்தபடி கேட்டார்.

"இன்னும் இல்லைங்க."

"கத்துக்கிட்டு வந்து காட்டு."

இரண்டு நாளில் போய்விட்டார். அடக்கத்தன்று குழிக்குள் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது.

ஒரு மாதம் கழித்து ஹாலுக்குப் போனேன். டீச்சர் மிச்சத்தைச் சொல்லிக்கொடுத்தார். அன்றுதான் முதல் தடவையாகக் காட்டாவை முழுசாகச் செய்து முடித்தேன். மற்றவர்கள் கை தட்டினார்கள்.

வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு அதே இடத்தில் நின்று தொடங்கினேன். பாதியில் எந்தப் பக்கம் திரும்புவது என்று குழம்பியது. அவர் சொல்வார் என்று கையை நீட்டியபடியே நின்றிருந்தேன். கட்டிலில் மெத்தை சுருட்டிக் கிடந்தது. கை வலித்த பிறகுதான் இறக்கினேன்.

மறுவாரம் கால்சட்டையைத் துவைத்து மடித்து டீச்சரிடம் கொடுத்தேன்.

"ஏன், முதுகு வலிக்குதா?"

"இல்ல மிஸ். விடுதியில சோலி ஜாஸ்தி."

அவர் அதை நம்பவில்லை. வாங்கி வைத்துக்கொண்டார். அடுத்த கோடையில் அவரும் ஊருக்குப் போய்விட்டார். முதுகுவலியும் மெல்ல மெல்ல நின்றது. தூக்க ஆள் இல்லை.