சயாமில் கேட்ட பெரட்டு

பேய், பிசாசு என்று யாராவது பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். முனியாண்டிக்குச் சேவல் அறுக்கும்போதுகூட கறிக்காகத்தான் போய் நிற்பேன். நீங்கள் சிரித்தாலும் சரி, எண்பதுகளில் எனக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

மலேசியாவில், கேமரன் மலையில், ரிங்லெட்டுக்கு மேலே தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவன் நான். ஜப்பான்காரன் காலத்தில், நான் கைக்குழந்தையாக இருந்தபோது, அப்பா மாரிமுத்துவை சயாமில் ரயில் பாதை போட லோரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். திரும்பவில்லை. செத்தார் என்று சொல்லவும் ஆளில்லை, அதனால் அம்மா தாலியைக் கழற்றவுமில்லை, கருமாதி செய்யவுமில்லை. தோட்டத்து ஆட்கள் பஸ் பிடித்து அந்தப் பாதையைப் பார்க்கக் கிளம்பியபோது அம்மாதான் என்னையும் அனுப்பினாள். அங்கேயிருந்து ஒரு பிடி மண் எடுத்து வா, காரியத்தை முடித்துவிடலாம் என்றாள்.

அங்கே அதே வேலையில் செத்த வெள்ளைக்காரக் கைதிச் சிப்பாய்களுக்கு வரிசையாகக் கல்லறைகள், பெயர் பொறித்து, புல் வெட்டி. எங்கள் ஆட்களுக்கு ஒரு கல் கிடையாது. பாறையைக் குடைந்து போட்ட பாதையோரம், பட்டப்பகலில், தனியாக நின்று வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே மண்ணை அள்ளினேன்.

அப்போதுதான் பெரட்டு கேட்டது. தோட்டத்தில் விடிகாலைப் பனியில் ஆட்களை நிறுத்திக் கணக்கெழுதுகிற கிராணி பெயர் கூப்பிடுவாரே, அதேதான், அதே இழுப்பு, தமிழில். சத்தியமாகச் சொல்கிறேன், கண்ணுக்கு ஒரு ஆள் இல்லை, ஆனால் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு குரல் இருக்கேன் என்றது. பிறகு மாரிமுத்து என்று கூப்பிட்டது. பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டது. மூன்றாம் தடவையும் பதில் வராவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள், அன்றைக்கு அவனுக்கு வேலை இல்லை. பிந்தி வருகிறவனுக்காகப் பக்கத்தில் நிற்பவன் குரல் கொடுப்பது எங்கள் பழக்கம். என் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"இருக்காருங்க."

பெரட்டு நின்றது. உடனே சம்மட்டி அடிக்கிற சத்தம் ஆரம்பித்தது. ஓடிப்போய்ச் சொன்னால், கூட வந்தவர்கள் எனக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்றார்கள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். மண்ணைத் தொடக்கூட இல்லை.

"நீ ஏன்டா குரல் குடுத்த? பேர அடிச்சிருந்தா அவர விட்டிருப்பாங்கல்ல. வீட்டுக்கு வந்திருப்பாருடா."

கருமாதி நடக்கவே இல்லை. அம்மா தாலியோடுதான் போய்ச் சேர்ந்தாள். அப்பா அன்றைக்கு வேண்டுமென்றேதான் வாயைத் திறக்காமல் இருந்தாரோ என்று இப்போதும் நினைக்கிறேன். எங்கேயோ ஒளிந்திருந்தவரை மகன் நானே பிடித்துக் கொடுத்துவிட்டேன்.