செந்தில் அண்ணன் கட்டிய பல்லி வீடு

செந்தில் அண்ணன் போய்விட்டார்.

பன்னிரண்டு நாளாகிறது. இன்றுதான் எழுத முடிகிறது.

செவ்வாய்க்கிழமை காலை, டீம் மீட்டிங் நடந்துகொண்டிருக்கும்போதே. அன்று எல்லோருக்கும் வீட்டிலிருந்து வேலை. அவர் முறை வந்தது, சத்தமில்லை.

"செந்தில், யூ ஆர் ஆன் மியூட்" என்றார் மேனேஜர். நானும் சாட்டில் "அண்ணா, மியூட்" என்று தட்டினேன். ஒரு ஸ்மைலி வேறு.

அடுத்த ஆளிடம் போய்விட்டோம். கடைசிவரை பேசி முடித்தோம். அண்ணி டீ எடுத்துக்கொண்டு அறைக்குள் போனபோதுதான்...

தெரியாதவர்களுக்காக: அண்ணனுக்கு ஊர் கோபி. இங்கே டெக்சாஸ், இர்விங்கில் நான்கு வருடம் எனக்குப் பக்கத்து சீட். அண்ணி பெயர் சுமதி. மகள் நிலா, ஒன்பது வயது, இங்கேயே பிறந்தவள்.

நிலா நாய் கேட்டாள். அந்த அப்பார்ட்மெண்டில் நாய் கூடாது. அண்ணன் பல்லி வாங்கிக்கொடுத்தார். கிரெஸ்டட் கெக்கோ. கண்ணுக்கு மேலே இமைமயிர் மாதிரி வரிசையாக முள் இருக்கும். நிறத்தைப் பார்த்து பஜ்ஜி என்று பெயர் வைத்தாள்.

நம் ஊர்ப் பல்லி டியூப்லைட் பக்கத்தில் தானாகப் பிழைத்துக்கொள்ளும். இது அப்படி இல்லை. எண்பது டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினாலே ஆபத்து. காற்றில் ஈரமும் வேண்டும். இங்கே வெளியே நூறு டிகிரி, உள்ளே ஏசி இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சிவிடும். அதனால் உயரமான கண்ணாடிப் பெட்டி, செடி, ஈரம் காட்டும் மீட்டர், தினமும் ஸ்ப்ரே.

போன கோடையில் குடும்பத்தோடு ஹூஸ்டனுக்குப் போனபோது சாவியை என்னிடம் கொடுத்திருந்தார். சாயங்காலம் போய் ஜன்னலோரம் இருந்த ஸ்ப்ரேயை எடுத்து நன்றாக அடித்துவிட்டு வந்தேன். மறுநாள் காலையில் கதவைத் திறந்தால் கசந்த வாடை. போன் போட்டேன்.

"எந்த பாட்டில்டா எடுத்த?"

"ஜன்னல் ஓரத்துல இருந்ததுண்ணா."

"அடப்பாவி... அது உங்கண்ணி கருவேப்பிலைச் செடிக்கு அடிக்கற வேப்பெண்ணெய்டா! சோப்பு கலந்தது!"

அமெரிக்காவில் எந்தத் தமிழ் வீட்டுக்குப் போனாலும் அந்தத் தொட்டியும் அந்த பாட்டிலும் இருக்கும். என் வீட்டிலும் இருக்கிறது. எனக்கு உறைக்கவில்லை.

"வெளிய எடுத்து ஈர டிஷ்யூ போட்ட டப்பாவுல வை. வாலை மட்டும் புடிச்சிராத. இதுக்கு வாலு உழுந்தா மறுபடி மொளைக்காது."

அவ்வளவு சின்ன உயிரைக் கையில் எடுத்தது அதுதான் முதல் தடவை.

அன்றே கிளம்பி நான்கு மணி நேரம் ஓட்டி வந்தார். பெட்டியில் இருந்த எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகக் கட்டினோம். அடியில் களிமண் உருண்டை, அதன்மேல் வலை, அதற்கும் மேல் தென்னை நார்த்தூள். கிச்சனிலிருந்து மணி பிளான்ட்.

"ஏனுங்க, எனக்கு ஒரு ரேக் மாட்டச் சொல்லி ஒரு வருசமாச்சு. பல்லிக்கு அரை நாள்ல ஊடா?" அண்ணி.

"அதுக்கு வாய் இல்லையே சுமதி."

"எனக்கு இருந்து என்ன பண்ண?"

அண்ணன் ஸ்ப்ரேயை அழுத்திக்கொண்டே இருந்தார். நிலா பிடுங்கிக்கொண்டாள். "அப்பா, டூ மச்! பகல்ல காயணும், இல்லன்னா மோல்ட் வரும்!" பூஞ்சையைச் சொல்கிறாள்.

என்னை வழியனுப்ப வெளியே வந்த அண்ணன் காதருகில் சொன்னார். "பாட்டில நாந்தான் மாத்தி எடுத்துக் குடுத்தேன்னு நிலாகிட்ட சொல்லிட்டேன். நீ வாயத் தொறக்காத தம்பி. அவ உன்னைய உள்ளயே உடமாட்டா."

அன்றைக்கே பஜ்ஜியின் ஸ்ப்ரே பாட்டிலில் மார்க்கரால் எழுதினார்: தண்ணி மட்டும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஆபீஸிலிருந்து பூங்கொத்து வருவதற்கு முன்னால், லேப்டாப்பைத் திருப்பி அனுப்ப அட்டைப்பெட்டி வந்தது. அண்ணி கையெழுத்துப் போட்டு வாங்கினார்.

வேலை விசா அண்ணன் பெயரில். அவர் மூச்சு நின்றதும் அண்ணி இந்த நாட்டில் யார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. வக்கீல் "பார்க்கலாம்" என்கிறார். மகளுக்கு அமெரிக்க பாஸ்போர்ட், அம்மாவுக்கு ஒன்றுமில்லை. பத்து வருடம் வரி கட்டிய வீடு இது. இதைச் சட்டம் என்று சொல்பவர்கள் என் பதிவின் கீழே வரவேண்டாம்.

எனக்கும் அதே விசா. மீட்டிங்கில் என் முறை வருவதற்கு முன்னால் நெஞ்சில் கை வைத்துப் பார்த்துக்கொள்கிறேன்.

அண்ணியும் நிலாவும் அண்ணனை ஊருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். திரும்பி வருவார்களா, தெரியாது. பஜ்ஜியின் பெட்டி என் அறையில் இருக்கிறது.

ஏர்போர்ட்டில் நிலா அழவில்லை. என் சட்டையைப் பிடித்துக் கேட்டாள்.

"அங்கிள், நீங்க அப்பா மாதிரி பாட்டில் மிக்ஸ் அப் பண்ண மாட்டீங்கல்ல? ப்ராமிஸ்?"

ப்ராமிஸ் என்றேன்.

இரண்டு நாளாகப் பஜ்ஜி கண்ணில் படவில்லை. சாப்பாட்டுக் கிண்ணம் வைத்தபடியே இருக்கிறது. ஈர மீட்டர் அறுபத்தெட்டு சதவீதம் காட்டுகிறது, அது சரிதான். இலைகளை விலக்கிப் பார்க்கப் பயமாக இருக்கிறது. நேற்றிலிருந்து ஏசி வேறு ஏதோ சத்தம் போடுகிறது. அப்பார்ட்மெண்ட் ஆபீஸில் சொன்னால் புகார் டிக்கெட் போட்டிருக்கிறோம் என்கிறார்கள்.

"பஜ்ஜி ஓகே?" என்று கோபியிலிருந்து நிலா அனுப்பிய மெசேஜ் அப்படியே இருக்கிறது.

அண்ணி, இதைப் படித்தால் நிலாவிடம் சொல்லிவிடுங்கள். பாட்டிலை மாற்றி எடுத்தது அப்பா இல்லை. நான்தான்.

அண்ணா... உங்கள் கையெழுத்து இருக்கும் பாட்டில்தான். ஆனாலும் ஒவ்வொரு முறையும் மோந்து பார்த்துவிட்டுத்தான் அடிக்கிறேன்.

போய்ட்டு வாங்கண்ணா.