பத்தரைக்குள் பச்சை

வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்கு ராகுகாலம். அதற்குள் செயலியின் புதுப்பதிப்பு வெளியே போய்விட வேண்டும் என்பது எங்கள் முதலாளியின் சட்டம். பெங்களூரில் பதினைந்து வருடம் குப்பை கொட்டிவிட்டுத் தஞ்சாவூருக்குத் திரும்பி, ஒரு மருந்துக்கடையின் மாடியில் அலுவலகம் போட்டவர். வாயைத் திறந்தால் ஆட்டோமேஷன். வாசலில் எலுமிச்சம்பழம். எலுமிச்சம்பழம் மட்டும் வாராவாரம் ஒழுங்காக மாற்றப்பட்டது.

நெல் அறுவடை இயந்திரங்களை வாடகைக்குப் பதிவு செய்யும் செயலி எங்களுடையது. வயல் காய்ந்திருக்கிறதா, சேறாக இருக்கிறதா என்று விவசாயி குறிப்பிட வேண்டும். காய்ந்த வயலுக்கு டயர் வண்டி போதும். சேறு என்றால் செயின் வண்டிதான் இறங்கும். மாற்றி அனுப்பினால் அறுப்பு நின்றுபோகும். தண்ணீரில் சாய்ந்த கதிர் நான்கு நாளில் முளைத்துவிடும். டெல்டாவில் இது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். எங்கள் அலுவலகத்தில் நன்றாகத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான்.

அவர் நீடாமங்கலத்திலிருந்து ரயிலில் வரும் அக்கா. வயல் கூலி வேலை பார்த்த குடும்பம். இப்போது அவரும் அவர் கணவரும் ஓர் ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்துச் சம்பா போட்டிருந்தார்கள். நான் சேர்வதற்கு முன்பிருந்தே செயலியைக் கையால் சோதித்து வந்தவர் அவர். ஒவ்வொரு வாரமும் புதுப்பதிப்பு வந்ததும் ஒரு போனில் விவசாயியாகவும் இன்னொரு போனில் ஓட்டுநராகவும் உட்கார்ந்து, எல்லாப் பொத்தானையும் அழுத்திப் பார்ப்பார். முதலாளிக்கு அதைப் பார்த்தாலே சிரிப்பு. "இதெல்லாம் கற்காலம்மா" என்பார்.

கற்காலத்தை ஒழிக்க என்னை நியமித்தார்கள். தானாகவே செயலியைத் திறந்து, தானாகவே பதிந்து, சரியென்றால் பச்சையும் தவறென்றால் சிவப்பும் காட்டும் சோதனைகளை எழுதினேன். எழுதியபோது பெருமையில் எனக்கும் தலைகால் புரியவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அக்காவை, விவசாயிகளின் அழைப்புகளை எடுக்கும் தொலைபேசி மேசைக்கு மாற்றினார்கள். போகும்போது ஒன்றுதான் சொன்னார்.

"எதை விட்டாலும் சேத்து வயல் சோதனைய விட்டுடாதீங்க தம்பி. அது தப்புனா பயிரு போயிடும்."

அந்தச் சோதனையைத்தான் முதலில் எழுதினேன். அதில் ஒரு சங்கடம். வண்டிகளை ஒதுக்கும் வேலை கால் மணி நேரத்துக்கு ஒருமுறைதான் நடக்கும். மற்ற சோதனைகள் முடிந்த பிறகும் அதுவரை இது காத்திருக்க வேண்டும். எங்கள் நிரலாளர்களோ, பொங்கலும் வடையும் முடித்து ஏப்பத்தோடு வந்து, பத்து மணிக்குத்தான் வேலையை என்னிடம் தள்ளுவார்கள். முந்தின நாளே முடித்துத் தந்தால் என்ன என்று கேட்டதற்கு ஒருவன் என்னை விநோதமாகப் பார்த்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை முதலாளி கடிகாரத்தோடு என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"என்ன தம்பி, இன்னும் ஓடிக்கிட்டிருக்கு?"

"வண்டி ஒதுக்கற சோதனை சார். இன்னும் பத்து நிமிஷம் ஆகும்."

"அத மட்டும் இந்த வாரம் தள்ளி வைங்க. நல்ல நேரம் போயிடும்."

தள்ளி வைக்க ஒரே ஒரு வார்த்தை தட்டினால் போதும். தட்டினேன். ஓடாத சோதனை சிவப்பில் சேராது. ஆகவே திரை முழுக்கப் பச்சை. அந்தப் பச்சையைப் பார்த்து அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். உலகத்தில் எத்தனையோ மூடர்களைப் பார்த்திருக்கிறேன், கணினித் திரைக்குக் கன்னத்தில் போட்டுக்கொண்டவரை அன்றுதான் பார்த்தேன்.

அடுத்த வாரம் அந்த வார்த்தையை எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. யாரும் கேட்கவில்லை, வேலையும் பத்தேகாலுக்கே முடிந்தது, டீ குடிக்க நேரம் கிடைத்தது. அவராவது ராகுகாலத்துக்குப் பயந்தார். நான் டீக்காக விட்டேன்.

தை மாதத்தில் ஒரு புதுப்பதிப்பு. காய்ந்த வயல், சேறு என்ற இரண்டுக்கும் நடுவே 'லேசான ஈரம்' என்று ஒன்றைச் சேர்த்தார்கள். அது நடுவில் புகுந்ததில் கணக்கு குழம்பி, சேறு என்று பதிந்தவர்களுக்கும் டயர் வண்டியே ஒதுக்கப்பட்டது. அன்றும் பத்தேகாலுக்கு எல்லாம் பச்சை. முதலாளி லட்டு கொடுத்தார். நானும் இரண்டு தின்றேன்.

சனிக்கிழமை பருவம் தவறிய மழை. அக்கா ஞாயிறன்று, சேறு என்று சரியாகக் குறிப்பிட்டுத் தன் வயலுக்கு எங்கள் செயலியிலேயே பதிந்திருக்கிறார். திங்கள் காலையில் வரப்போரம் வந்து நின்றது டயர் வண்டி. ஓட்டுநர் வயலைப் பார்த்துவிட்டு இறங்க மறுத்துத் திரும்பிவிட்டார். அறுவடை மும்முரத்தில் செயின் வண்டி கிடைக்க வெள்ளிக்கிழமை ஆகிவிட்டது. அதற்குள், மழையில் சாய்ந்த கதிரில் பாதிக்கு மேல் முளைத்துவிட்டது.

"மழைக்கு நாம என்ன பண்ண முடியும்?" என்றார் முதலாளி. எலுமிச்சம்பழத்தை மட்டும் அன்றே மாற்றச் சொன்னார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இவர் அதைப் படமெடுத்து மாட்டிக் கும்பிடுகிற ஆள்.

மறு திங்கட்கிழமை அக்கா வேலைக்கு வந்தார். காலில் சேற்றுப்புண், மருந்து தடவியிருந்தார். நேராக என் மேசைக்கு வந்தார். குரலை உயர்த்தவில்லை.

"தம்பி, சேத்து வயல் சோதனை ஓடுச்சா?"

"பச்சைதான்க்கா வந்துச்சு."

"பச்சையான்னு கேக்கல. ஓடுச்சான்னு கேட்டேன்."

நான் திரையைப் பார்த்தேன். அவர் மேசையில் தொலைபேசி அடித்தது. என் பதிலுக்குக் காத்திராமல் போய் எடுத்தார்.

"சொல்லுங்க. மொதல்ல இதச் சொல்லுங்க, வயல்ல தண்ணி நிக்குதா?"