கிட்ட நின்று பாடியவர்

போன மாதம் ஒரு காலை, கடைத்தெரு சலூனில் முகமெல்லாம் சோப்போடு உட்கார்ந்திருந்தேன். ஒரு கன்னம் சிரைத்து முடிந்திருந்தது. மைக் செட் கண்ணப்பன் வாசலில் வந்து நின்று, "மாஸ்டர், தாமோதரன் போய்ட்டாரு. காலைல மார்வலின்னாராம், அவ்ளோதான்" என்றான். மறு கன்னத்தை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். அன்று ஊர்வலத்தில் நான் ஏன் அரைத்தாடியோடு வந்தேன் என்று யோசித்தவர்களுக்கு இப்போது காரணம் தெரிந்திருக்கும்.

செஞ்சிப் பக்கம் சமீபத்தில் கல்யாணம் செய்துகொண்டவர்களுக்குத் தாமோதரன் யார் என்று சொல்லத் தேவையில்லை. மாப்பிள்ளை ஊர்வலத்தில், எங்கள் பேண்டு செட்டின் முன்வரிசையில் ட்ரம்பெட் ஊதியவர். நான் கிளாரினெட், செட்டுக்கு மாஸ்டரும் நான்தான். முன்கோபக்காரன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு, அது பொய்யில்லை. எழுத்தில் மரியாதைக்காக 'அவர்' என்கிறேன். நேரில் இருவரும் வாடா போடாதான். இதைப் படித்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.

புதுச்சேரியில் ஊருக்குக் கிளம்பிய ஒரு பிரெஞ்சுக்காரர் வீட்டுச் சாமான்களை விற்றபோது, ஸ்பீக்கர் வாங்கப் போன கண்ணப்பன் கூடவே ஓர் இசைத்தட்டும் கொண்டுவந்தான். ஜாஸ் என்றான். அட்டையில் ஒரு வெள்ளைக்கார இளைஞன் மடியில் ட்ரம்பெட்டை வைத்துக்கொண்டு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தான். மத்தியானம் அவன் கடையில் மூன்று பேரும் போட்டுக் கேட்டோம். ட்ரம்பெட் பக்கத்து வீட்டில் ஊதுவதுபோல் வந்தது. பிறகு ஒரு குரல், அதைவிடச் சன்னமாக. கண்ணப்பன் தட்டை வேட்டியால் துடைத்தான், முள்ளை மாற்றினான், சத்தத்தைக் கூட்டினான். கடைசியில் தேய்ந்துபோன தட்டு, வெள்ளைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்றான். நானும் ஆமாம் போட்டேன்.

தாமோதரன் மட்டும் ஸ்பீக்கரில் காதை வைத்துக்கொண்டிருந்தார். "தேயலடா. அவன் மைக்குக்குக் கிட்ட நின்னு பாடறான். மைக்கு இருக்கும்போது இன்னாத்துக்குக் கத்தணும்?" என்றார். ஊதுகிறவன் வேறு, பாடுகிறவன் வேறு என்று நான் அடித்துச் சொன்னேன். அவர் தட்டைத் திரும்பப் போட்டு, மூச்சு வாங்கும் இடங்களில் விரலால் மேஜையைத் தட்டிக் காட்டினார். ஊதும்போது எங்கே மூச்சு வாங்கினானோ, பாடும்போதும் அங்கேதான் வாங்கினான். ஒரே ஆள்தான். நான் தோற்றதை ஒப்புக்கொள்ளவில்லை, டீ ஆறுகிறது என்று பேச்சை மாற்றினேன்.

அதிலிருந்து கல்யாணம் இல்லாத நாளெல்லாம் மத்தியானம் அந்தத் தட்டுதான். தூக்கம் வருகிறது, தாலாட்டை நிறுத்து என்று நான் கத்துவேன். ஆனாலும் ஒருநாள்கூட எழுந்து போனதில்லை. டீக்காகத்தான் உட்கார்ந்திருக்கிறேன் என்று சொல்லிக்கொள்வேன். அதில் ஒரு மெட்டுக்கு அவரே இரண்டு அடி கட்டினார்:

"கடைசி பஸ்ஸும் போயிடுச்சி, கவல இன்னாத்துக்கு?
செருப்பிருக்குது, பேச்சிருக்குது, நடந்தே போலாம் வா."

ஒரே ஒரு தடவை இதைக் கல்யாண மைக்கில் பாடவேண்டும் என்பது அவர் ஆசை. வேறெதையும் அவர் என்னிடம் கேட்டதில்லை. அவர் குரலோ சின்னக் குரல். எங்களுக்குச் சத்தம்தான் சோறு. ஊதுகிற வாய்க்குப் பாட்டு எதற்கு என்று இரண்டு வருஷம் தட்டிக்கழித்தேன். பிறகு தளவானூரில் ஒரு கல்யாணத்தில், பந்தி நடக்கும்போது, சரி, பாடித் தொலை என்றேன்.

மைக்கை உதட்டோடு வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, முதல் அடியைப் பாடினார். பந்தலின் அந்தக் கோடியிலிருந்து பெண்ணின் மாமா எழுந்து, "இன்னா, மைக்கு ரிப்பேரா?" என்று கேட்டார். நாலு பேர் சிரித்தார்கள். எனக்கு மானம் போனது. கிளாரினெட்டைத் தூக்கி, டிரம்முக்குக் கை காட்டிவிட்டேன். செட்டு மொத்தமும் இடிபோல முழங்கக் கிளம்பியது. தாமோதரன் கண் திறந்து என்னை ஒரு தடவை பார்த்தார். மைக்கை வைத்துவிட்டு ட்ரம்பெட்டை எடுத்துச் சரியான இடத்தில் வந்து சேர்ந்துகொண்டார். முன்வரிசையில் சிலர் பிசைந்த சோற்றைக் கையிலேயே வைத்துக்கொண்டு அவர் பாடியதைக் கேட்டதாகக் கண்ணப்பன் பிறகு சொன்னான். ஸ்டூடியோவில் ஒருவன் கிட்ட நின்று பாடியதற்குத் தேய்ந்த தட்டு என்று ஆமாம் போட்ட என்னைப்போன்றவன், பந்தலில் ஒருவன் அப்படிப் பாடினால் வேறென்ன செய்வான்?

திரும்பும்போது பஸ்ஸில் எப்போதும்போல ஜன்னலோர இடத்தை எனக்கு விட்டார். சில நாள் கழித்து, அன்றைக்குக் கோபமா என்று கேட்டேன்.

"நீ தூரத்துல நின்ன. உனக்குக் கேட்டிருக்காது" என்றார்.

அதன்பிறகு பாடவேண்டும் என்று அவர் கேட்கவே இல்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம் என்று நாலு வருஷம் ஓட்டிவிட்டேன்.

அவருடைய கடைசி ஊர்வலத்துக்கும் எங்கள் செட்டுதான் வாசித்தது. ட்ரம்பெட் நிற்கும் இடத்தைக் காலியாக விட்டு நடந்தோம். சுடுகாட்டுக்கு முன்னால் பாடையை இறக்கி வைத்தார்கள். அங்கேதான் மேளம் உச்சத்துக்குப் போகும். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். மேளம் ஏன் நின்றது என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள். நான் மண்ணில் மண்டியிட்டு, அவர் காதுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோனேன். பிடிக்காது பிடிக்காது என்று சொன்ன பாட்டு எனக்கு முழுக்க மனப்பாடமாக இருந்தது. அவர் மூச்சு வாங்கும் இடம்கூடத் தெரிந்திருந்தது. நான் நிறுத்திய இடத்திலிருந்து பாடினேன். "செருப்பிருக்குது, பேச்சிருக்குது, நடந்தே போலாம் வா." பக்கத்தில் இருந்தவர்களுக்குக்கூடக் கேட்டிருக்காது.

தட்டு கண்ணப்பன் கடையில் இருக்கிறது. ட்ரம்பெட் அவர் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறது. என்னிடம் இருப்பது அந்த இரண்டாவது அடி. தளவானூரில் அவரை நான் பாடவிடாத அடி.