விரத நாளில் விழுங்கிய மாத்திரை

ஆறாம் ஆண்டோடு படிப்பை நிறுத்தியவன் நான். கையெழுத்தும் எழுத்துப் பிழைகளும் சிரமம் தந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

மலேசியாவில் கோலா பிலா பக்கம், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறேன். மனைவி இறந்தபின் தனியாக இருக்கிறேன். எனக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, உண்டு. தைப்பூசத்திற்காக விரதம் இருந்தபோது இரவு ஒருவேளைதான் சாப்பாடு. ஆனாலும் மருந்தை விடக்கூடாது என்று காலையில் வெறும் வயிற்றில் மாத்திரையை விழுங்கிவிட்டு வேலைக்குப் போனேன். சரியாகத்தான் செய்கிறேன் என்று நினைத்தேன்.

பத்து மணிக்குக் கை நடுங்கியது. சட்டை வியர்வையில் நனைந்துவிட்டது. மரத்தடியில் உட்கார்ந்தேன், எழ முடியவில்லை. கூப்பிட்டாலும் கேட்க அங்கே யாரும் இல்லை. நல்லவேளையாகக் குலை ஏற்ற வந்த லாரிக்காரர் முனியாண்டி பார்த்துவிட்டார். பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்திருந்த தன் சீனி போட்ட தேத்தண்ணீரைக் குடிக்கக் கொடுத்து, கிளினிக்குக்குக் கூட்டிப் போனார்.

அங்கே நர்ஸ் மிஸி திட்டினார். “பசியாறாம இந்த மருந்த சாப்பிட்டா சீனி ரொம்ப இறங்கிடும் அண்ணே! விரதம்னா முன்னாடியே வந்து கேக்கணும்லா. வீட்டுல யாரும் சொல்லலையா?”

“வீட்டுல யாரும் இல்ல மிஸி.”

அதன்பிறகு அவர் திட்டவில்லை.

இனி விரதம் எடுக்குமுன் டாக்டரிடம் கேட்பேன். இப்போது பசியாறாமல் மாத்திரையைத் தொடுவதில்லை. முனியாண்டியும் தினமும் லாரியை நிறுத்தி, “என்னண்ணே, பசியாறியாச்சா, இல்ல சாமியாரா போயிட்டீங்களா?” என்று கேட்கிறார். அவருக்குப் பொய் சொல்லக்கூடாது என்றே காலையில் அடுப்பைப் பற்றவைக்கிறேன்.

எழுதியது: தைப்பூசம் முடிந்த மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை.